கிளாடிஸ் டீச்சர் சொல்லாத பதில்

அத்தியாயம் 11

துடியலூரில் கிளாடிஸ் டீச்சர் குடியிருக்கும் தெருவுக்கு ஒரு வசதி உண்டு. யார் வீட்டில் சம்பந்தப் பேச்சு வந்தாலும், மாப்பிள்ளையோ பெண்ணோ எப்படி என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். பத்தொன்பது வருட சர்வீஸ். அக்கம்பக்கத்து இளவட்டங்களில் பாதிப் பேர் அவரிடம் இந்திய வரைபடத்தில் கங்கையைத் தப்பான இடத்தில் ஓடவிட்டவர்கள்.

"தாராளமாப் பண்ணலாமுங்க" என்று டீச்சர் சொன்னால் பந்தல்காரருக்குச் சொல்லிவிடலாம். "இன்னும் ரெண்டு இடத்துல விசாரிச்சுக்கங்க" என்றால் வேறு ஜாதகமோ, கிறிஸ்தவ வீடென்றால் வேறு பங்குக் கோவிலோ பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு பதில் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது.

போன வாரம் பாதியில் நின்றது நினைவிருக்கும். டீச்சரின் நாத்தனார் சூசைமேரி, அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவர், மகள் கரோலினுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பையன் பெயர் ஜோஸ். கருமத்தம்பட்டிக்காரன். டீச்சர் வேலை பார்க்கும் அதே பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். ஞாயிறு மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று புதன்கிழமை முடிவானது.

வெள்ளிக்கிழமை மதியம் ஹெச்.எம். ஈஸ்வரமூர்த்தி டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே ஒரு புகார். எழுதியவர் அங்கப்பன், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு செவ்வந்தியின் அப்பா. என் மகளின் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டை ஜோஸ் சார் வாங்கி மூன்று வாரமாகிறது; திருப்பித் தரவில்லை; அவர் நடத்தும் டியூஷனுக்கு அவள் போகாததுதான் காரணம். செவ்வாய்க்கிழமை பிராக்டிகல். கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு இல்லாமல் லேபுக்குள் விடமாட்டார்கள்.

விசாரிக்க மூன்று பேர் கமிட்டி. 'பி' பிரிவின் வகுப்பாசிரியர் என்ற முறையில் கிளாடிஸ் டீச்சரும் ஒருவர். வெளியில் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு. நமக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

டீச்சர் அன்று இரவெல்லாம் புரண்டு படுத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் முதல் வேலையாக ஹெச்.எம். வீட்டுக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்தார். எங்கள் குடும்பத்துப் பெண்ணை அந்த ஆசிரியருக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது, ஆகவே என்னைக் கமிட்டியிலிருந்து விடுவியுங்கள் என்று.

"நல்லதுங்க டீச்சர், நீங்களே வந்து சொல்லீட்டீங்க" என்றார் ஹெச்.எம். "வேற ஆளைப் போட்டுக்கறேன். ஆனா ஒண்ணு. நீங்க படிச்சது படிச்சதுதான்."

கமிட்டியிலிருந்து விலகலாம். படித்ததிலிருந்து விலக முடியாது.

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சூசைமேரி பிடித்துக்கொண்டார்.

"ஏன் கிளாடிசு, எல்லாரும் சொல்லீட்டாங்க. கருமத்தம்பட்டில தறிக்காரங்ககிட்டக் கேட்டாச்சு. அந்தப் பையன் முடி வெட்டற கடையில கேட்டாச்சு. அவங்க பங்கு ஃபாதர்கிட்டயே கேட்டாச்சு. கூடவே வேலை பாக்கற நீ மட்டும் ரெண்டு நாளா வாயே தொறக்கலை. சொல்லு அம்மணி, பண்ணலாமா?"

டீச்சர் ஒரு செருப்பைப் போட்டார். இன்னொன்றைப் போட்டார். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"என்னால சொல்ல முடியாதுங்க அண்ணி."

"முடியாதுன்னா?"

"பள்ளிக்கூடத்து விசயத்த ஊட்டுல பேசக்கூடாதுங்க. நல்லதாவும் பேசக்கூடாது, கெட்டதாவும் பேசக்கூடாது."

போன வருஷம் அதே பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு இதே டீச்சர்தான் பந்தல் போடச் சொன்னார் என்பது சூசைமேரிக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் முகம் மெல்ல மாறியது.

"குடிக்கறானா?"

"இல்லை" என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். குடி இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் இல்லை என்றால் அதற்கடுத்தது. கடைசியில் எந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லவில்லையோ அதுதான் விஷயம் என்று ஆகிவிடும். பத்தொன்பது வருடமாகச் சரியா தவறா போட்டுப் பழகிய மூளை அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

"எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டனுங்க அண்ணி" என்றார்.

தெரு சும்மா இருக்குமா? பத்து மணிக்கு மாப்பிள்ளை குடிகாரன் என்று பேச்சு. பதினொரு மணிக்கு அவனுக்குத் திருப்பூரில் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. மூத்தது யு.கே.ஜி.

வீட்டில் டீச்சரின் கணவர் அமிர்தநாதன் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடையது. அவர் அக்கா சூசைமேரி இரண்டு முறை போன் செய்து அழுதாகிவிட்டது.

"ஏனம்மணி, எங்கிட்ட மட்டும் சொல்லு. வெளிய போகாது."

"ஆமா. தெரு முனை வரைக்கும்தான் போகும்."

அமிர்தநாதன் அதை மறுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயத்துக்காக.

"சரி, ஒண்ணு கேக்கறேன். ஈஸ்டர் பாஸ்கு முடிஞ்சதும் கோவில்ல கல்யாண ஓலை வாசிப்பாங்க. தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியார்கிட்டச் சொல்லோணும்னு மூணு வாரம் மைக்குல சொல்லுவாங்க. அப்பவும் நீ இப்புடித்தான் கம்முனு உக்காந்திருப்பியா?"

இது டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. கோவில் சொல்லு என்கிறது. பள்ளிக்கூடம் சொல்லாதே என்கிறது. நடுவில், இன்னும் விசாரணையே நடக்காத ஒரு மனிதனுக்குத் தெரு இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டது. நல்லவன் என்றால் பொய்யாகலாம். கெட்டவன் என்றாலும் பொய்யாகலாம். சும்மா இருந்தாலோ இப்படி.

ஒரு மணிக்குக் கரோலினே வந்தாள். ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். மூன்று மணிக்குக் கட்ட வேண்டிய புடவைக்கு ரவிக்கை பொருந்துகிறதா என்று காட்ட வந்ததாகச் சொன்னாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

"அத்தை, எங்க லேப்லயும் ஒருத்தரோட ரிசல்ட்ட இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டோம். அதனால உங்களை நான் கேக்கலை. ஆனா மூணு மணிக்கு நான் காபி கொண்டு போயி நிக்கோணுமுங்க."

டீச்சர் அவள் தலையிலிருந்த பூவைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது.

"எங்கிட்டக் கேக்காதே கண்ணு. அவருகிட்டயே கேளு. மொட்டை மாடில பத்து நிமிசம் தனியாப் பேசோணும்னு சொல்லு. உங்களைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாச்சும் இருக்குதுங்களான்னு கேளு. அவ்வளவுதான்."

"சொல்லுவாருங்களா?"

"சொல்றாரா இல்லையாங்கறதே ஒரு பதில்தான?"

மூன்று மணிக்கு ஜோஸும் அவன் அம்மாவும் சித்தப்பாவும் சூசைமேரி வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கினார்கள். எதிர்வீட்டு ஜன்னல்கள் மூன்றும் ஒரே சமயத்தில் காற்றுக்காகத் திறந்தன. ஜோஸ் ஒல்லியாக, ஒழுங்காக, சட்டைப் பையில் சிவப்புப் பேனாவோடு வந்திருந்தான். பெண் பார்க்க வருகிற இடத்துக்கும் சிவப்புப் பேனா. அதை எடுத்து வைத்துவிட்டு வர வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. கிளாடிஸ் டீச்சரைப் பார்த்ததும் எழுந்து, "வணக்கம் மேடம்" என்றான். அவன் காது சிவந்தது.

கரோலின் கேட்டபடி மாடிக்குப் போனார்கள். பத்து நிமிடம் இருபத்தைந்தானது. கீழே காபியில் ஆடை படிந்தது. மிக்சர் தட்டை மாப்பிள்ளையின் சித்தப்பா தனியாகவே பார்த்துக்கொண்டார்.

இறங்கி வந்ததும் ஜோஸ் உட்காரவில்லை. நின்றபடியே, வகுப்பில் பேசுவது போலப் பேசினான்.

"நான் எல்லாருகிட்டயும் சொல்லீடறனுங்க. எனக்கு நேத்து ஸ்கூல்ல மெமோ குடுத்திருக்காங்க. ஒரு புள்ளையோட ரெக்கார்டு நோட்டை நான் குடுக்கலைன்னு புகார். நான் அதைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, ஒம்பதாந் தேதியே ஸ்டாஃப் ரூம் மேசைல பத்து 'பி' கட்டுல வெச்சுட்டனுங்க. அப்புறம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலைங்க."

அவன் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சூசைமேரிக்கோ முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

"நோட்டா? ஒரு நோட்டா?" என்றார். "அட ஏனுங்க தம்பி, காலைல இருந்து நான் ரெண்டு கொழந்தைக்குப் பேரு கூட வெச்சுட்டேன். நோட்டுதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

பத்து 'பி' கட்டு.

'பி' பிரிவின் மேப் நோட்டுகளை அவர் ஸ்டாஃப் ரூம் மேசையிலிருந்து கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தது ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. மறுநாளே ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்கள் வந்து விழுந்தன. கட்டு பீரோ மேல் ஏறியது. இன்று இருபத்திரண்டு. மேப் நோட்டும் ரெக்கார்டு நோட்டும் ஒரே நீளம், ஒரே அகலம். எல்லா நோட்டுக்கும் பிரௌன் அட்டை போட வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டம். அந்தச் சட்டத்தை மிகக் கண்டிப்பாக அமல்படுத்துகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரிடமும் சொல்லாமல் எழுந்து தன் வீட்டுக்கு நடந்தார். பின்னால் அமிர்தநாதன் வந்தார். விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டுச் சூசைமேரியும் வந்தார்.

கட்டை இறக்கி, கயிற்றை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். இமயமலை, தக்காணம், பருத்தி விளையும் இடங்கள், மறுபடி இமயமலை. பதினைந்தாவது நோட்டைத் திறந்தால் ஒரு குவி லென்ஸ், அதன் வழியே வளைந்து போகும் கதிர்கள். செ. செவ்வந்தி, பத்து 'பி'. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஜோஸின் கையெழுத்து. கீழே ஒன்பதாம் தேதி.

நோட்டுகளை எண்ணி வாங்க வேண்டும் என்று புதிதாகச் சேரும் டீச்சர்களுக்குப் பாடம் எடுப்பதே இவர்தான். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எண்ணவில்லை.

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கா மூஞ்சி இப்புடிப் போச்சு?" என்றார் சூசைமேரி, மெதுவாகவே. "நாளைக்குக் காலைல மொத ஆளாப் போயி அந்த மேசைக்கடில போட்டுரு. பெருக்கற பொம்பள எடுத்துக் குடுப்பா. பையன் பேரும் கெடாது, உன்ற பேரும் கெடாது. முடிஞ்சுது சோலி."

டீச்சர் உடனே மறுத்துவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர் யோசித்தார். ஸ்டாஃப் ரூம் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எட்டேகாலுக்குப் போனால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நல்ல யோசனைதான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒன்றிலிருந்து இரண்டுக்கு வரும் வரை அது நல்ல யோசனையாகவே இருந்தது.

"அப்புறம் பெருக்கறவங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்க அண்ணி" என்றார் கடைசியில். "இத்தன நாளா அங்க கெடந்ததை ஏன் எடுக்கலைன்னு. அந்தம்மா என்ன பதில் சொல்லுவாங்க?"

சூசைமேரி அவிழ்ந்து கிடந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"பத்தொம்பது வருசத்துல ஒரு மெமோ வாங்குனதில்லையே அம்மணி" என்றார் அமிர்தநாதன்.

"அதான், ஒண்ணு வாங்கிப் பாக்கறேன்" என்று டீச்சர் போனை எடுத்தார். ஹெச்.எம். எண்ணை அமிர்தநாதன்தான் அழுத்திக் கொடுத்தார். காலையில் வெங்காயத்துக்கு அழுத மனுஷர், மனைவி பேசும்போது பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், தானே ஹெச்.எம். மாதிரி.

டீச்சர் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"விசாரிக்கறதுக்கு உங்களைத்தான் மொதல்ல போட்டேன் பாருங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. திட்டுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "லெட்டர் நாளைக்குக் குடுங்க. நோட்டை இன்னைக்கே அந்தப் புள்ள கைல சேத்துருங்க. ஆனா டீச்சர், மத்தது எதையும் நீங்க விசாரிக்கப்படாது."

அங்கப்பன் வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி, செங்கல் சூளை பக்கம். டீச்சருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அமிர்தநாதனும் சூசைமேரியும் விருந்தாளிகளைச் சமாதானப்படுத்தி வழியனுப்ப ஓடினார்கள். கால் மணி நேரத்தில் கரோலின் பட்டுப் புடவையோடு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நானே கொண்டு போயி விடறனுங்க அத்தை. அவங்க கெளம்பிட்டாங்க. நாளைக்குப் பதில் சொல்றோம்னு அம்மா சொல்லீட்டாங்க. ஆனா ஸ்வீட்ட ஃபுல்லாக் கட்டிக் குடுத்துட்டாங்க, அதுலயே தெரியலீங்களா?"

வரிசையாக ஆறு லைன் வீடுகள். கடைசி வீட்டின் முன் அங்கப்பனின் குட்டியானை சரக்கு வண்டி நின்றது. கரோலினை வண்டியோடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

செவ்வந்தி தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். புது ரெக்கார்டு நோட்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் பென்சில் கரி. ஒன்பதாவது சோதனைக்கு வந்திருந்தாள்.

டீச்சர் நோட்டை நீட்டினார்.

"இது எங்கிட்டத்தான் கண்ணு இருந்துச்சு. மேப் நோட்டோட சேத்து நான் கட்டி எடுத்துட்டுப் போயிட்டேன். என்ற தப்பு." அங்கப்பன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அலைச்சல் குடுத்துட்டனுங்க. மன்னிச்சுக்கங்க."

அங்கப்பன் பதறிப் போய் பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு முறை துடைத்தார்.

"ஐயோ, உக்காருங்க டீச்சர். நீங்க போயி எங்கிட்ட..." நோட்டைப் பார்த்தார். "அப்ப நான் அந்த வாத்தியார் மேல எழுதுனது பொய்யிங்களா? காலைல வந்து வாபஸ் வாங்கிக்கறனுங்க. பாவமுங்க, மனுசன் பொழப்பு."

"வேண்டாமுங்கப்பா" என்றாள் செவ்வந்தி.

அவள் எழுந்து உட்கார்ந்து, பழைய நோட்டைப் புதியதன் மேல் வைத்தாள்.

"சார் கிளாஸ்ல எல்லாரும் இருக்கறப்பச் சொன்னாருங்க டீச்சர். டியூசன் வர்றவங்க நோட்டு பஸ்ல வரும், வராதவங்க நோட்டு நடந்து வரும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க. அப்புறம் நோட்டு காணோம்னு கேட்டப்போ, குடுத்தாச்சு, போயித் தேடுன்னாரு. ஸ்டாஃப் ரூமுக்குள்ள எங்களை விடமாட்டாங்களே, நான் எங்கீங்க தேடறது? அதான் எங்கப்பாகிட்டச் சொன்னேன்."

டீச்சருக்கு அந்த இடத்தில் ஒரு பெரிய ஆசை வந்தது. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் கண்ணு, நோட்டுத்தான் கிடைத்துவிட்டதே, விட்டுவிடு என்று சொல்லிவிட. சொன்னால் அந்தப் பெண் கேட்டுக்கொள்ளும். கேட்டுக்கொள்ளும் என்பதுதான் சிக்கல்.

"நான் செஞ்சதை நான் எழுதிக் குடுக்கறேன்" என்றார். "நீ இப்பச் சொன்னதை எங்கிட்டச் சொல்ல வேண்டாம். நான் கமிட்டில இல்லை. அதுல இருக்கறவங்க கூப்பிடுவாங்க, அவங்ககிட்ட இதே மாதிரிச் சொல்லு. கூட்டாம, கொறைக்காம. நானும் சிரிச்சேன்னு சொன்னியல்ல, அதையும் சேத்து."

அங்கப்பன் மகளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "காபி வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார். இன்று குடிக்காமல் விட்ட காபியை நினைத்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வெளியே வந்தால், கரோலின் ரோட்டில் இல்லை. குட்டியானை வண்டியின் நிழலில், ஜன்னலுக்கு மூன்று அடி தள்ளி ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். ரோட்டில் வெயில் என்று வந்து நின்றிருக்கிறாள். அந்த லைன் வீடுகளில் சுவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். இவளைக் கூட்டிக்கொண்டு வராமல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும் என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டுகளை எண்ணாததற்கு அடுத்து இது இரண்டாவது தப்பு.

"அத்தை" என்றாள் கரோலின். ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். "இருவத்தஞ்சு நிமிசம் பேசுனாருங்க. எந்த மேசை, எந்தத் தேதி, எந்தக் கட்டுன்னு எல்லாஞ் சொன்னாரு. எனக்குப் புடிச்சுருந்துச்சு. இப்புடி ஒளிக்காமச் சொல்றாரேன்னு."

சாவியைத் திருகி ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

"நடந்து வரும்னு சொன்னதை மட்டும் சொல்லலைங்க."

கைப்பையில் போன் அடித்தது. கரோலின் எடுத்துப் பார்த்தாள். திரையில் ஜோஸ் என்ற பெயர். மத்தியானம்தான் பதிந்து வைத்த எண். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூவையும் போட்டு வைத்திருந்தாள்.

அவள் அத்தையைப் பார்த்தாள். துடியலூரில் ஒரு தெருவே பத்தொன்பது வருடமாகப் பார்த்த பார்வை அது. பண்ணலாமா, வேண்டாமா. டீச்சர் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். இரண்டும் காலில்தான் இருந்தன.

கரோலின் வண்டியின் இன்ஜினை அணைத்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். "மாடில நீங்க சொன்னதுல ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. அதை நீங்களே சொல்றீங்களான்னு பாக்கத்தான் எடுத்தேன்."